நாலு போல் சேஞ்ச் ஓவர் கேட்டா மூணு போல் மாட்டிக் கொடுத்தது சம்பந்தமா

வணக்கம் சார்,

நீங்க செஞ்சு கொடுத்த பேனல் பத்தி மூணாவது தடவையா எழுதுறேன். ஆர்டர்ல நாலு போல் சேஞ்ச் ஓவர்னு, அதாவது மெயின்ஸ்லருந்து ஜென்செட்டுக்கு மாத்தும்போது மூணு ஃபேஸோட நியூட்ரலையும் சேர்த்து மாத்துற சுவிட்ச்னு, தெளிவா போட்டிருக்கு. வந்தது ஃபேஸ்களை மட்டும் மாத்துற மூணு போல், நியூட்ரலுக்குப் பிரியவே பிரியாத வெறும் லிங்க் பட்டை. கேட்டா "நியூட்ரலை கட் பண்ணவே கூடாது சார்"னு உங்க ஆளு எனக்கே பாடம் எடுத்துட்டுப் போறாரு.

நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில வர்ற டிஎன்-சி சிஸ்டத்துக்கு அது சரி, அங்க கட் பண்ணா எர்த்தும் சேர்ந்தே போயிடும். எங்க இடத்துல ரெண்டும் தனித்தனி சார். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரல் அங்க எர்த் ஆகியிருக்கு, ஜென்செட் நியூட்ரல் இங்க அதோட சொந்த எர்த் பிட்ல. உங்க பட்டை ரெண்டையும் எப்பவும் கோர்த்தே வச்சிருக்கு.

ஜென்செட்ல பம்ப் மோட்டார் மட்டும் ஓடினா ஒரு பிரச்சனையும் இல்ல, மூணு ஃபேஸும் சமமா இழுக்குது. ஒரு ஃபேஸ்ல லைட்டும் ஏசியும் போட்ட உடனே ஜென்செட் பேனல்ல இருக்கிற எர்த் லீக்கேஜ் ரிலே டிரிப். மெயின்ஸ் இல்லாதப்ப டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போற நியூட்ரல் கேபிள்ல க்ளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன், 1.8 ஆம்பியர் காட்டுது. கரண்ட் இல்லாத லைன்ல இது எங்கருந்து வந்துச்சு? நியூட்ரல்ல திரும்ப வேண்டியதுல ஒரு பங்கு டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய் மண்ணு வழியா ஜென்செட்டுக்குத் திரும்புது, போனதும் வந்ததும் டாலி ஆகலன்னு ரிலே தட்டிடுது. ரிலே மேல தப்பே இல்ல.

உங்க சர்வீஸ் ஆளு சொன்ன தீர்வு: "ரிலேவ பைபாஸ் பண்ணிடலாம் சார்." இதுக்கு என்னத்த சொல்ல.

நாலு போல் சேஞ்ச் ஓவர் உங்க செலவுல மாத்திக் கொடுங்க. நியூட்ரல் போல் முதல்ல சேரணும், கடைசியா பிரியணும், இல்லன்னா லோடு ஓடும்போது நியூட்ரல் முந்திப் பிரிஞ்சு 230 வோல்ட் சாமான் மேல 400 வரைக்கும் ஏறிடும், அப்புறம் எரிஞ்சதுக்கும் உங்களுக்குத்தான் லெட்டர் எழுதணும். நியூட்ரல் போல் பாதி சைஸ்லயும் வேண்டாம், கம்ப்யூட்டரும் எல்இடியும் நிறைய இருக்கு, அதுங்களோட மூணாவது ஹார்மோனிக் (சப்ளையோட மூணு மடங்கு ஃப்ரீக்வென்சில வர்ற கரண்ட்) நியூட்ரல்ல ஒண்ணோட ஒண்ணு கழியாது, கூடும்.

மாத்தினப்புறம் என் முன்னாடி ஜென்செட்ட ஓட்டி, லைட், ஏசி எல்லாம் போட்டு, அதே கேபிள்ல மீட்டர் வச்சுக் காட்டுங்க. பூஜ்யம் வந்தாத்தான் மீதிப் பணம்.