வளவில் புதைத்த கசெட்

முள்ளியவளை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. சிறுபோக வயலுக்கு இரவில் காவல் போகிறேன். இந்த முறை யானை வாய்க்கால் வரைக்கும் வருகிறது. அதனால்தான் பதில் பிந்திவிட்டது. அம்மாவுக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது. உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அவன் அங்க ஒழுங்காச் சாப்பிடுறானோ" என்று மட்டும் கேட்டா.

இத்தாலியின் பொலோஞ்ஞா நகரச் சதுக்கத்தில் சனத்தோடு சனமாகக் கதிரையில் இருந்து, புதுப்பித்த பழைய படம் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தை நாலைந்து தரம் வாசித்துவிட்டேன். காணாமற்போன படங்களைத் தேடிப்பிடித்து, ஊத்தை துடைத்து, அறுந்ததை ஒட்டி, திறந்த வானத்தின் கீழே திரும்ப ஓடவிடுகிறார்கள். 1986இலிருந்து நடக்கும் விழா என்றால் அது அவர்களுக்கு ஒரு கோயில் திருவிழா மாதிரித்தான். எனக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் நாட்டுப் படம் ஏதும் இப்படி மீண்டிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். சுமித்திரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமாய்' படத்தை மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் புதுப்பித்து, 2025இல் பிரான்சின் கான் படவிழாவில் காட்டினார்கள். சந்தோசமான செய்தி. ஆனால் 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தலை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கே இருந்த நெகட்டிவ்களும் சேர்ந்தே சாம்பலாகின. சிங்களப் படம், தமிழ்ப் படம் என்று நெருப்பு பார்க்கவில்லை. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி' ஒருநாள் அந்தச் சதுக்கத்தில் ஓடவேண்டும், நீ முன்வரிசையில் இருந்து பார்க்கவேண்டும். இது என் பெரிய ஆசை.

கனடாவின் வடக்கே டோசன் என்றொரு ஊர். அங்கே 1929இல் ஒரு பழைய நீச்சல் குளத்தை மூடும்போது, வேண்டாத படச்சுருள்களையும் போட்டு மண்ணால் நிரவிவிட்டார்கள். 1978இல் கட்டட வேலைக்குக் கிண்டியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட சுருள்கள் வெளியே வந்தன. உறைந்த மண்தான் அவ்வளவு காலமும் அவற்றைக் காத்திருக்கிறது. இதை அறிந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை, மச்சான். நாங்களும் புதைத்தோமே.

2008 மார்கழி, அடைமழை. தையல் மெசினையும் அப்பாவின் கூத்து வீடியோக் கசெட்டையும் பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் கட்டி, கிணற்றடி மாமரத்துக்குக் கீழே தாட்டுவிட்டு வெளிக்கிட்டோம். 2011இல் வந்து கிண்டினால் மெசினை யாரோ எடுத்துவிட்டார்கள். கசெட் கிடந்தது. எங்கள் மண் பனிமண் இல்லையே. மாரியில் ஊறி, கோடையில் வெந்து, நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம்.

அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 2003, சமாதான காலம். கோவலன் கூத்தில் அப்பா கண்ணகி. நீ பிற்பாட்டு. விடியும்வரை நடந்த கூத்தில் மூன்று மணித்தியாலம் மட்டும் பதிவானது. அப்பா சிலம்பை உடைக்கும் கட்டம் அதில் இருக்கிறது. அப்பாவின் அசையும் உருவம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். டவுனில் ஒரு கடையில் டிவிடியாக மாற்றக் கொடுத்தேன். அவர்கள் துடைக்காமல் அப்படியே வீடியோ டெக்கில் போட, நாடா சிக்கிக் கசங்கிவிட்டது. தொடக்கத்தில் கொஞ்சம் போய்விட்டது. பூஞ்சணம் பிடித்த கசெட்டை ஓடவே விடக்கூடாது, முதலில் உலர்த்தித் துப்புரவாக்கவேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டெக்கும் இனிப் புதிதாக வராது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கொம்பனி 2016இல் நிறுத்திவிட்டது. பெரிய நிலையங்களே பிழை விட்டிருக்கின்றன. பிபிசி, விலை கூடிய நாடா என்று பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தது. பிறகு வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற பிரதிகளைத் தேடித் திரிந்தது.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு எண்ணம் பிறந்தது. 1927இல் ஜெர்மனியில் வெளியான 'மெட்ரோபொலிஸ்' படத்தில் வெட்டுப்பட்ட துண்டுகள் 2008இல் எங்கே கிடைத்தன தெரியுமா? ஆர்ஜென்டினாவில், புவனஸ் அயர்ஸில். எடுத்த ஊரில் இல்லாதது கடல் தாண்டிப் போன பிரதியில் இருந்தது. 2003இல் வந்த உன் சின்ன மாமி அந்தக் கூத்தை ஒரு கசெட்டில் பிரதி எடுத்துக்கொண்டு டொரொண்டோ போனாவே. அவ வீட்டு பேஸ்மென்டில், கலியாண வீடியோக்களோடு அது கிடக்கக்கூடும். மேலே ஒன்றும் எழுதியிருக்காது, அதனால் பெயரைப் பார்க்காமல் எல்லாப் பெட்டியையும் பார்க்கச் சொல்லு.

கிடைத்தால் தபாலில் போடவேண்டாம். ஊருக்கு வருகிற ஆட்களின் கையில் கொடுத்துவிடட்டும். என்னிடம் இருக்கிறதையும் அதையும் சேர்த்து நானே பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுபோய், எங்கள் பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற நூலகம் நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கப்போகிறேன். அப்புறம், மாமியிடம் கண்டிப்பாகச் சொல்லு: ஆசையில் டெக்கில் போட்டுப் பார்த்துவிடவேண்டாம்.

உன் கூட்டாளி