உன் ரசனை என்றாயே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தங்கைக்குத் தேர்வு முடிந்துவிட்டது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டைப் பெண்ணின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நல்ல பெண்தான், ஆனால் என் மனத்தில் இருக்கிற மாதிரி இல்லை" என்றாய். கொஞ்சம் தயங்கி, "நிறம் மட்டு, உடம்பும் பூசினாற்போல் இருக்கிறது" என்றாய். "இது என் ரசனை, இதில் என்ன தப்பு?" என்றும் கேட்டாய். பிடிக்காத பெண்ணைக் கட்டிக்கொள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அதை உன் ரசனை என்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உன் மனத்தில் இருக்கும் அந்தப் பெண்ணை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்த விளம்பரக்காரர்களோடுதான் நான் என் தையல் கடையில் நாள் முழுவதும் மல்லுக்கட்டுகிறேன்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். எல்லாம் ஒரே வெளுப்பு, ஒரே இடுப்பு. முன்னால் நின்று பார்த்தால் ரவிக்கை உடம்போடு ஒட்டித் தைத்ததுபோல இருக்கும். பின்பக்கம் போய்ப் பார். மிச்சத் துணியைக் கொத்தாகப் பிடித்துக் குண்டூசி குத்தியிருப்பார்கள். அந்தப் பொம்மைக்குக்கூட அந்த ரவிக்கை பொருந்தவில்லை.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஓர் அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். அவளோடு சேர்ந்து பெட்டி தூக்கி வளர்ந்த பெண். கல்யாண ரவிக்கை தைக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு நகை விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். "இதே மாதிரி இருக்க வேண்டும் என்று அவர் சொல்கிறார், அக்கா" என்று போனை நீட்டினாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். விளம்பரத்துப் பெண் ஒரு கையைத் தூக்கிக் கூந்தலைத் தொடுகிறாள். அக்குளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கையைத் தூக்கினால் துணி இழுக்கும். கோடு விழாமல் தைக்கிற தையல்காரர் இந்த உலகத்தில் கிடையாது. அந்தக் கோட்டைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறார்கள். துணியில் விழுந்த கோட்டையே விட்டுவைக்காதவர்கள் இடுப்பையும் தோளையும் கன்னத்தையும் விட்டிருப்பார்களா? பிரான்ஸில் 2017 முதலும் நார்வேயில் 2022 முதலும், இப்படி உடம்பைத் திருத்திய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்டது' என்று போட வேண்டும் என்பது சட்டம் என்று உன் தங்கை சொல்கிறாள். நம் ஊர்ப் பலகைகளில் அப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

அளவெடுக்க டேப்பைச் சுற்றியதும் அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டாள். "மூச்சை விடு கண்ணு, மணையில் உட்கார்ந்து மூச்சுவிட வேண்டாமா?" என்றேன். விடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாளாம். பெட்டி சுமந்து சுமந்து வலது தோள் இடதைவிட அகன்றிருந்தது. அந்தப் பக்கம் அரை அங்குலம் கூட்டி வெட்டினேன். "தோளைச் சின்னதாகக் காட்ட முடியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். குடும்பத்துக்குச் சோறு போட்ட தோள் அது. பக்கத்தில் நின்ற தாய் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கோபம் அந்தப் பெண்மேல் வரவில்லை. படத்தை அனுப்பியவன்மேல்கூட முழுக்க வரவில்லை. அவனும் உன்னைப்போல "என் ரசனை" என்றுதான் நினைத்திருப்பான்.

தங்கை விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பதால் இப்போது வீட்டில் இந்தப் பேச்சுத்தான். அமெரிக்காவில் 1911இல் உட்பரி என்ற சோப்புக்கு ஒரு விளம்பரம் வந்ததாம். 'தொட ஆசை வரும் சருமம்' என்று வாசகம். படத்தில் அழகான ஒரு பெண், அவளை நெருங்கிச் சாயும் ஓர் ஆண். எழுதியவர் ஹெலன் லான்ஸ்டவுன் என்ற பெண். சோப்பு வாங்கப்போவது பெண். ஆனால் வாசகத்துக்குள் இருப்பது ஆணின் கை, ஆணின் கண். இதைக் கேட்டதும் எனக்குப் பல விஷயம் விளங்கியது. பெண்ணிடம் 'அவன் பார்க்கிறான், உன்னைச் சரிசெய்துகொள்' என்கிறார்கள். ஆணுக்கு விற்கும்போது பைக் பக்கத்திலும் சவரக் கத்தி பக்கத்திலும் அதே பெண்ணை நிறுத்தி, 'இதை வாங்கு, இவள் வருவாள்' என்கிறார்கள். சென்ட் அடித்தவனை நோக்கிப் பெண்கள் ஓடிவரும் விளம்பரங்கள் எல்லை மீறிப்போய், 2011இல் மத்திய அரசே தலையிட வேண்டியிருந்தது. அவளுக்கு ஒரு பயம், உனக்கு ஓர் ஆசை, பணம் ஒரே கல்லாவுக்கு.

நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீம் 1975இல் வந்தது. நீ சின்னப் பையனாக டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு விளம்பரம் ஓடியது. மகன் இல்லையே என்று ஓர் அப்பா ஏங்குவார். மகள் கிரீம் பூசி, வெளுத்து, விமானப் பணிப்பெண் ஆகிவிடுவாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 2003இல் அந்தக் கிரீமின் இரண்டு விளம்பரங்களை நிறுத்தும்படி மத்திய அரசு சொன்னது. கறுத்தவர்களைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர அமைப்பே 2014இல் விதி கொண்டுவந்தது. 2020இல் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெயர்தான் போனது; உன் தலைமுறைக்குப் பாடம் நடத்தி முடித்தாகிவிட்டது. 'உண்மையான அழகு' என்று பெண்களைப் பாராட்டி 2004 முதல் விளம்பரம் செய்யும் டவ் சோப்பும் அதே குழுமத்தின் சரக்குத்தான்.

பெரிய கம்பெனிக் கிரீமோடு இது நிற்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கிரீம் வாங்கிப் பூசுகிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள். முதலில் வெளுக்கும், பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். பாதரசம் கலந்த மலிவுக் கிரீம்கள் சிறுநீரகத்தையே கெடுக்கும். இவ்வளவும் யாருடைய கண்ணுக்காக என்று யோசித்துப் பார்.

அழகைப் பார்த்து மயங்குவது ஆணின் இயற்கை என்பாய். மயங்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. எதைப் பார்த்து மயங்குவது என்பது இயற்கை இல்லை. பள்ளிக்கூடத்தில் சங்கப் பாட்டை நீ உரக்கப் படிப்பாய், நான் மிஷின் மிதித்துக்கொண்டே கேட்பேன். தலைவன் பிரிந்துபோனால் தலைவியின் மேனியில் வெளுப்புப் படரும். பசலை என்று அதற்காக அழுவாள். அவள் பறிகொடுத்ததாகப் புலம்புவது மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை. இதே மண்ணில், இதே வெயிலில், வெளுத்துப்போவது நோய்க்கு அடையாளமாக இருந்திருக்கிறது. அன்றைய ஆண்களுக்கும் கண் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தண்டையார்பேட்டைப் பெண் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள், இரவுப் பணியும் உண்டு. போனில் என்னோடு பேசினாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறாள், தெரியாததைத் தெரியாது என்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் குடித்தனம் நடத்தப்போவது நீ. பொங்கலுக்கு வரும்போது அவளை நேரில் பார்த்துப் பேசு. பத்துப் பேர் கிளம்பிப் போய் பஜ்ஜி சாப்பிடும் பெண்பார்க்கும் சடங்கு வேண்டாம். அவர்கள் வீட்டிலும் சம்மதம்தான். அவளுக்கு உன்னைப் பிடிக்காமலும் போகலாம், அதற்கும் தயாராக வா.

நேரில் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம். தரகரிடம் நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிறத்தைக் காரணம் காட்டி என் வாயால் சொல்லமாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தை அந்த வீட்டுக்குப் போனால் நாளைக்கே ஒரு கிரீம் டப்பா அங்கே போய்ச் சேரும். வேறு போட்டோ அனுப்பச் சொல் என்று தங்கையிடம் கேட்டாயாமே, அதையும் நான் கேட்கப்போவதில்லை. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை