இஸ்தான்புல் போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

இங்கே அம்மாவும் நானும் நலம். நீ அனுப்பிய இஸ்தான்புல் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டை நிதானமாகப் படித்துப் பார்த்தேன். முடி நட வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை. உன் தலை, உன் சம்பளம். ஆனால் பணம் கட்டும் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. வேலை பார்த்த காலம் முழுக்க வங்கியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

2,800 யூரோ. மூன்று இரவு ஓட்டல், விமான நிலையத்திலிருந்து வண்டி, மருந்து, ஷாம்பு, மொழிபெயர்க்க ஓர் ஆள் எல்லாம் அதில் அடக்கம். முன்பணம் 400, மீதி அங்கே போய். இதுவரை சரி. இந்த வாரத்துக்குள் முழுப் பணமும் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார்களே, அதைத் தொடவே தொடாதே. 280 யூரோவுக்கு ஆசைப்பட்டு 2,520 யூரோவை முகம் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு, அங்கே போனபின் "டாக்டர் நெற்றியில் முடி தொடங்க வேண்டிய கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், மிச்சத்தை டெக்னீஷியன்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொன்னால் எழுந்து வர உனக்கு மனசு வருமா? அதனால் அந்த 400 யூரோவைக் கட்டுகிற அன்றே போன காசு என்று எழுதிவிடு. டாக்டரை நேரில் பார்த்து, நெற்றிக் கோட்டைக் கண்ணாடியில் நீயே பார்த்து ஒத்துக்கொண்ட பிறகுதான் மீதி. பிடிக்கவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வா.

முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டு. நீ இருக்கும் பிரிட்டனில் 1974-ஆம் வருஷத்து நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், விற்றவர் சொன்னபடி செய்யாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியிடமும் முழுத் தொகைக்கு உரிமை கோரலாம். வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது செல்லும். டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு கிடையாது. பணம் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது முக்கியம். நடுவில் ஏஜென்ட் கணக்குக்குப் போனால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். வெளிநாட்டு நோயாளிகளைப் பார்க்கும் இடங்களுக்குத் துருக்கி சுகாதார அமைச்சகம் தனி அனுமதிச் சான்று கொடுக்கிறது. அதன் பிரதியைக் கேட்டு வாங்கு. சான்றில் உள்ள பெயரும் பணம் வாங்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பார். ஒரு தனி ஆளின் பெயரில் கணக்கு எண் வந்தால் அங்கேயே நிறுத்திவிடு.

இன்னொரு சின்ன விஷயம். அங்கே கார்டு தேய்க்கும்போது மெஷின், பவுண்டில் எடுக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்திலேயே எடுக்கச் சொல். அவர்கள் போடும் மாற்று விகிதத்தில் கணிசமாகப் போய்விடும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு புதுசு புதுசாக விற்பார்கள். உன் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி, முடி நட வேறு வகைப் பேனாக் கருவி, இன்னும் ஆயிரம் கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து). "எத்தனை வேண்டுமானாலும் ஒரே விலை" என்பதுதான் இருப்பதிலேயே மோசம். நடுவதற்கு எடுக்கும் பின்மண்டை முடி, வரவே இல்லாமல் எடுக்க மட்டும் முடிகிற கணக்கு. ஒரே நாளில் வழித்தெடுத்தால் பின்பக்கம் பூச்சி அரித்த மாதிரி தெரியும், நாளைக்குத் தேவைப்பட்டால் எடுக்க எதுவும் மிஞ்சாது. நாளைக்குத் தேவைப்படும் என்றும் எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் தாத்தா தலையையும் என் தலையையும் தினமும் பார்க்கிறேன். கல்லூரிப் பையன் மாதிரி நெற்றிக் கோட்டைக் கீழே இறக்கச் சொல்லாதே. நட்டது நிற்கும், அதற்குப் பின்னால் இருப்பது தொடர்ந்து கொட்டும். அதை நிறுத்தி வைக்க மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு என்று மருந்து வருஷக்கணக்கில் போகும். ஃபினாஸ்டிரைடு சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, உன் டாக்டரிடம் பேசாமல் ஆரம்பிக்காதே. அந்த மாதச் செலவையும் கணக்கில் சேர்.

அம்மாவுக்கு 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்துபோனது இன்னும் மறக்கவில்லை. அதனால் அவள் சார்பில் மூன்று கேள்வி: மரத்துப்போக ஊசி போடுவது யார், வேலை முடியும் வரை டாக்டர் கட்டிடத்தில் இருப்பாரா, திடீரென்று ஏதாவது ஆனால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? பதிலை எழுத்தில் வாங்கு. உனக்குச் சின்ன வயதில் பெனிசிலின் ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்தது. அதை நீயும் எழுத்தில் கொடு, ஆன்டிபயாட்டிக் கொடுக்கும்போது வாயாலும் சொல்.

அப்புறம் கவனிப்பு. அவர்கள் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும், உன் வேலை அதற்கப்புறம்தான். முதல் தடவை தலை கழுவுவதை அங்கேயே செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுத்துக்கொள், அதற்கு முன் விமானம் ஏறாதே. வீட்டுக்கு வந்ததும் ஷவர் வேண்டாம். லோஷனைத் தடவி ஊறவிட்டு, மக்கில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்ல ஊற்று. பொருக்கு பத்துப் பதினைந்து நாளில் தானாக விழும், நகம் படக்கூடாது. முதல் வாரம் தலையை உயர்த்தி மல்லாந்துதான் தூங்க வேண்டும். டீ-ஷர்ட் வேண்டாம், பொத்தான் சட்டை எடுத்துப்போ. உன் உயரத்துக்கு டாக்ஸிக் கதவில்தான் முதல் இடி விழும், குனிந்து ஏறு. மூன்றாம் நாள் வாக்கில் நெற்றி வீங்கிக் கண்வரைக்கும் இறங்கலாம், பயப்படாதே. ஆனால் காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, நட்ட இடம் கறுப்பது, இதில் ஒன்று வந்தாலும் இஸ்தான்புல்லிலிருந்து வாட்ஸ்அப் பதில் வரட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போ. எத்தனை கிராஃப்ட், என்ன மருந்து, எவ்வளவு அளவு, டாக்டர் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்தோடு வாங்கி வந்தால் அப்போது உதவும். சாதாரணப் பயணக் காப்பீடு இந்த மாதிரி அழகு சிகிச்சைகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் 500 பவுண்டைத் தனியாக எடுத்துவை. அது இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடு. சிகரெட்டை இப்போதே விடு. உனக்கு அந்தப் பழக்கம் இருப்பது எனக்குத் தெரியும், அது புண் ஆறுவதைக் கெடுக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் நட்ட முடி பெரும்பாலும் கொட்டும். வேர் உள்ளேதான் இருக்கும், மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். கொட்டுகிற சமயத்தில் வீடியோ காலில் தொப்பியைக் கழற்றாதே, அம்மா தாங்கமாட்டாள். நல்லெண்ணெய் பாட்டிலை வேறு பார்சல் கட்டப் பார்க்கிறாள், டாக்டர் சொல்லும் வரை எண்ணெய் கூடாது என்று நீயே சொல்லிவிடு. எப்படியும் மழிக்கத்தானே போகிறார்கள், அதைப் பழனியில் முடித்துவிட்டுப் போகலாமே என்றும் கேட்கிறாள். முடி அடர்த்தியைப் பார்த்துத்தான் கோடு போடுவார்கள் என்று சொல்லி அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அடுத்த வருஷம் என்ன சொல்வது என்று நீ யோசித்து வை.

மூன்று கேள்விக்கும் பதில் வந்ததும் எனக்கு அனுப்பு. அதன் பிறகு டிக்கெட் போடு.

அன்புடன்,
அப்பா