யாயாவிடம் வாதாடாதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை அம்மாவும் நானும் இரண்டு தடவை கேட்டோம். பாப்பரசரின் சபைப் பெண் என்றால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நீ கட்டிக்கொள்ளப்போகும் கிரேக்கத் தம்பியின் யாயா, அதாவது பாட்டி, சொல்லிவிட்டார்களாமே. அம்மாவுக்கு ஒரே கோபம். "நாம மட்டும் மாதாவைக் கும்பிடலையா?" என்கிறாள். எனக்கு என்னவோ கோபம் வரவில்லை. அந்தப் பாட்டியை முன்னமே பார்த்துப் பழகிய மாதிரி இருக்கிறது.

2001 மே மாதம் எங்கள் கப்பல் பழுதுபார்க்க ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் நின்றது. அந்த வருஷம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் கத்தோலிக்கரான நமக்கும் ஈஸ்டர் ஒரே நாளில், ஏப்ரல் 15-ல் வந்தது. அது முடிந்து மூன்று வாரமாகியும் எங்கள் கிரேக்க போசன் (தள வேலையாட்களின் தலைவர்) காலையில் என்னைப் பார்த்தால் "கிறிஸ்தோஸ் அனெஸ்தி", கிறிஸ்து உயிர்த்தார், என்பார். பாப்பரசர் வருகிறார் என்று பேச்செடுத்தால் மட்டும் முகம் கறுத்துவிடும். அழைத்தது ஜனாதிபதி ஸ்டெஃபனோபூலோஸ். அவர்களுடைய ஆயர் மன்றம் "எதிர்க்க மாட்டோம்" என்றதோடு சரி. துறவிகளும் பக்தர்களும் தெருவில் இறங்கி, பாப்பரசர் பதிதர், மெய்விசுவாசத்தை விட்டு விலகியவர் என்று கோஷம் போட்டார்கள்.

ஏன் இவ்வளவு கசப்பு என்று போசனிடமே கேட்டேன். 1054-ல் கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ் என்று சபை பிரிந்ததைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 1204 என்றார். நாலாம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய நம் ஆட்கள் எருசலேமுக்குப் போகாமல் ஆர்த்தடாக்ஸ்காரர்களின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளில் புகுந்து, கிறிஸ்தவக் கோவில்களையே கொள்ளையடித்தார்கள் அல்லவா? போன வாரம் தன் வீட்டில் திருட்டு நடந்த மாதிரி அதைச் சொன்னார். கத்தோலிக்கரை 'பிராங்கோஸ்' என்பார்கள். நம் 'பறங்கி'யும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இந்தக் கறுத்த தூத்துக்குடிக்காரனையும் பறங்கிக் கணக்கில் சேர்த்துவிட்டாரே என்று சிரித்துக்கொண்டேன்.

மே 4, வெள்ளிக்கிழமை. ராத்திரி மெஸ்ஸில் டிவி செய்தி. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைத் தலைவரான பேராயர் கிறிஸ்டோதுலோஸ், பாப்பரசரின் முகத்துக்கு நேராகவே பழைய குறைகளை எல்லாம் எடுத்துச் சொன்னார், இதுவரை ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை என்றார். அப்புறம் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) தன் பதிலை வாசித்தார். கூனிய முதுகு, நடுங்கும் கை. கத்தோலிக்கர் ஆர்த்தடாக்ஸ் சகோதரருக்குச் செய்த பாவங்களுக்கு ஆண்டவரிடம் மன்னிப்பு வேண்டினார். கான்ஸ்டாண்டிநோபிள் சூறையையும் ஊர் பேர் சொல்லியே சொன்னார். பேராயர் கை தட்டினார். காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த போசனின் கரண்டி அப்படியே நின்றது. "எண்ணூறு வருஷம்," என்றார். வேறொன்றும் பேசவில்லை.

அத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2021-ல் பாப்பரசர் பிரான்சிஸ் ஏதென்ஸ் போனபோதும் ஒரு வயதான ஆர்த்தடாக்ஸ் குரு அவரைப் பார்த்து "நீ பதிதன்" என்று கத்தினார்.

அதனால் யாயாவிடம் போய் "நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே" என்று வாதாடாதே. அது அவர்களுக்குத் தெரியாததா? 1204-ல் என்ன நடந்தது என்று கேள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. காப்பி கொடுத்தால் அடியில் கிடக்கும் மண்டியையும் சேர்த்துக் குடித்துவைக்காதே, நான் குடித்துச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.

கல்யாணத்தை அவர்கள் கோவிலிலேயே வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் ஆயரின் அனுமதியை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடு. உன் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு நேற்றே பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், வாங்கியதும் கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி