ஜெனரேற்றர் சத்தமும் ஒரு கிளாஸ் ஐஸ்கிறீமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழா வந்தால் ஐஸ்கிறீம் கடைகளைப் பற்றி யாராவது எழுதத்தான் செய்வார்கள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு கடை வாசலில் நிற்கும் படமும் கூடவே வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இருபத்தைந்து நாளில் பத்து நாளாவது நானும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறேன். ஆனால் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் விற்றவர்களைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி, கரண்ட் நின்றபோது நான் மூன்றாம் வகுப்பு. ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ. அரசாங்கம் பற்றரிக்கும் தடை போட்டால் வேறென்ன செய்வது. எங்கள் வீட்டு பிரிட்ஜுக்குள் அம்மா அரிசிமாவும் மிளகாய்த்தூளும் வைத்திருந்தார், எலி வராதாம். குளிர்ப்பெட்டி என்றால் மா வைக்கிற பெட்டி என்றே என் தங்கை கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாளில்தான் நல்லூர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. பலகையில் 'குளிர்களி' என்று எழுதியிருந்தது, ஆனால் எங்கள் வாயில் அது எப்போதும் கூல்பார்தான். 1992இல் நான் புலமைப்பரிசிலில் சித்தியடைந்ததற்காக அப்பா கொக்குவிலிலிருந்து சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். சந்தி வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைக்குப் பின்னால் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் ஐஸ்கிறீம் இருக்கிறது என்று அர்த்தம், கேட்காவிட்டால் அப்படியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அன்றைக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தைப் போல ஒரு நல்ல சத்தத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை, புகை மணம் உட்பட.

கண்ணாடிக் கிளாஸில் ஸ்பெஷல் வந்தது. அடியில் சிவப்பு ஜெலி, மேலே ரோஸ் நிறத்தில் இரண்டு உருண்டை, ஓரத்தில் ஒரு வேபர். வாயில் வைத்தால் மணல் மாதிரி நறநறவென்று கடிபட்டது. சீனிதான் கரையாமல் கிடக்கிறது என்று நினைத்தேன். ஜெனரேற்றரை நிறுத்தி நிறுத்திப் போட்டால் ஐஸ்கிறீம் கொஞ்சம் இளகித் திரும்ப உறையும், உறைகிறபோது பனித்துகள் பெரிதாகிவிடும், அதுதான் அந்த நறநறப்பு என்பது பிறகு வளர்ந்து வாசித்து அறிந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு அது பழுது. எனக்கோ இப்போது கிடைக்கிற வழுவழுப்பான ஐஸ்கிறீம் எதைச் சாப்பிட்டாலும் ஏதோ குறைகிறது.

பாதி சாப்பிட்டிருப்பேன், பொம்பர் இரைச்சல் கேட்டது. எல்லோரும் பின்வளவில் இருந்த பங்கருக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன், கிளாஸை விடவில்லை. கடைக்காரர் பின்னால் வந்தபடி கத்தினார்: "தம்பி, கிளாஸ் கவனமடா!" உயிர் போகிற நேரத்தில் கிளாஸா என்று அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அந்த மனிதர் சொன்னதில் பிழையில்லை, பற்றரியே வராத ஊருக்குக் கண்ணாடிக் கிளாஸ் எங்கிருந்து வரப்போகிறது? குண்டு எங்கோ தள்ளித்தான் விழுந்தது. மிச்ச ஐஸ்கிறீமைப் பங்கருக்குள்ளேயே பாலாகக் குடித்து முடித்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர ஊரே இடம்பெயர்ந்தபோது, மற்ற எல்லாரையும் போல நாங்களும் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் கடைக்குக் கூரை இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் காலத்தில் கூல்பார் நடத்தினவர்களும் அங்கே வேலை செய்த பெடியன்களும் இன்னும் சிலராவது ஊரில் இருப்பார்கள், மற்றவர்கள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கக்கூடும். அவர்களைத் தேடிப்பிடித்து ஒரு பக்கம் போடுங்கள். மண்ணெண்ணெய்க்கு என்ன செய்தார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் இயந்திரத்தை ஓடவிட்டார்கள், வேபர் எங்கே கிடைத்தது, ஏன் விடாமல் நடத்தினார்கள்? சண்டையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, இதையும் கொஞ்சம் எழுதலாம். முதலாளிமாருக்கு இப்போது எழுபது தாண்டியிருக்கும் என்பதால் அடுத்த திருவிழா வரை வைத்திருக்க வேண்டாம்.

தேடும்போது அந்த நல்லூர்க் கடைக்காரர் அகப்பட்டால் ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். பங்கர்ப் படியில் இடித்துக் கீறல் விழுந்த கிளாஸை, கீறல் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி மேசையில் வைத்துவிட்டு வந்தது நான்தான். அப்பாவுக்கும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பழைய வாடிக்கையாளன்,
கொக்குவில்.