முதலாம் ஆண்டுக்கு வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான் நிரல்மொழி, பொறியியல் வரைகலை நடத்தும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தாலே எங்கள் விடுதியில் ஒரே பேச்சுத்தான்: கணிதத்தில் யார் யாருக்கு அரியர்? பிளஸ் டூவில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய தம்பிகளும் அதில் இருக்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை என்று சொல்லி இதைக் கடந்துபோக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

அவர்கள் படிக்கிறார்கள். ஆனால் பள்ளி பழக்கிவிட்ட மாதிரி படிக்கிறார்கள். பிளஸ் டூவில் ஆறு பாடம், கையில் ஓர் ஆண்டு. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், வாரத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அதற்குப் பிறகும் திருப்புதல் தேர்வுகள். எந்தப் பயிற்சியிலிருந்து எந்தக் கணக்கு வரும் என்று ஆசிரியரே கோடு போட்டுக் கொடுப்பார். கல்லூரியில் பாடத்துக்கு ஐந்து யூனிட், எல்லாம் ஏறக்குறைய நான்கு மாதத்துக்குள். நான் படித்த 2021 விதிமுறைப்படி அகமதிப்பீட்டுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. அந்தத் தேர்வில் தனியாக 45 விழுக்காடு எடுத்தாக வேண்டும். பதின்மூன்று மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு எழுதுவது என்பதே முதல் இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரியே நடத்தும் அகமதிப்பீட்டுத் தேர்வுக்கு, உட்காரும்போது பலருக்குப் பிடிபடுவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். அந்த முதல் இன்டர்னல் விடைத்தாளை மாணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்திக் கொடுங்கள். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லோருக்கும் வேண்டாம், தோற்றவர்களுக்கு மட்டும், ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். எந்த வரியில் தடுக்கி விழுந்தான் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணிதத்தின் முதல் யூனிட்டில் கேலி-ஹாமில்டன் தேற்றத்தை வைத்து ஓர் அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறு காணச் சொல்வார்கள். போன ஆண்டு ஒரு தம்பியின் தாளைப் பார்த்தேன். அதன் முதல் படியான சிறப்பியல்புச் சமன்பாடு வரை சரியாக வந்திருந்தான், அதற்கப்புறம் வெற்றுத்தாள். அதே அணியைக் கொடுத்து, பிளஸ் டூவில் போட்ட மாதிரி சேர்ப்பு அணியை அணிக்கோவையால் வகுத்து நேர்மாறு கண்டுபிடி என்றேன். மளமளவென்று போட்டுவிட்டான். பிறகு தேற்றத்தின் வழியிலும் போடவைத்தேன். இரண்டு விடையும் ஒன்றாக வந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மறுபடி பார்த்தான். அவனுக்குக் கணிதம் வராமல் இல்லை. தான் ஏற்கெனவே அறிந்த இடத்துக்குத்தான் இந்தப் புதிய வழியும் வந்து சேர்கிறது என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அவன் ஏன் வகுப்பிலேயே கேட்கவில்லை? கேட்கும் தைரியம் பலருக்கு வருவதில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. அதில் வருபவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே படித்தவர்கள். சந்தேகம் வந்தால், முதலில் அதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். அதற்குள் நீங்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறீர்கள். 'தமிழிலேயே கேளுங்க' என்று முதல் வகுப்பிலேயே, எல்லோர் காதிலும் விழும்படி, ஒரு முறை சொல்லிவிடுங்கள். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். புரிந்த பிறகு எழுதிப் பழகிக்கொள்வார்கள்.

பைத்தான் ஆய்வகத்திலும் இதே கதைதான். கணினியில் உட்கார்ந்தே பழகாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வரியின் முன்னால் ஓர் இடைவெளி கூடிப்போனதால் வரும் இன்டென்டேஷன் எரர் என்ன என்று தெரியாமல் ஒரு முழு வகுப்பும் போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவன் பள்ளியிலேயே கணினி அறிவியல் எடுத்தவன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த இருவரையும் ஒரே மேசையில் சேர்த்து உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்து அதற்கான ஒதுக்கீட்டில் வருபவர்கள் இயற்பியலில் திணறுவார்கள். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துத் தேய்ப்பதில் வகுப்புக்கே அவர்கள் வழிகாட்டலாம். அங்கே அவர்களை நாலு பேர் முன்னால் பாராட்டுங்கள். இயற்பியல் வகுப்பிலும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

துணைக் கலந்தாய்வில் இடம் கிடைத்துக் கடைசியாக வந்து சேர்பவர்களையும் நினைவில் வையுங்கள். அறிமுகப் பயிற்சி முடிந்து, முதல் யூனிட்டும் பாதி ஓடியிருக்கும். நோட்ஸை யாரிடமாவது வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொள் என்ற ஒரு வரியோடு அவர்களை விட்டுவிடக் கூடாது.

பெற்றோரை அழைப்பது பற்றி ஒரு வார்த்தை, கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். முதல் இன்டர்னலில் தோற்றதற்கே அப்பாவை வரச் சொல்லும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளையின் அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு, விடிகாலை பஸ் ஏறி வந்து, துறைத் தலைவர் அறைக்கு வெளியே நிற்கிறார். இன்டர்னல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. உள்ளே 'உங்க பையன் தேறமாட்டான்' என்று ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். என் கண் முன்னாலேயே இது நடந்திருக்கிறது. அந்த வாரமே டிசி வாங்கிக்கொண்டு போகிறேன் என்று நின்ற தம்பியை உட்காரவைத்துப் பேசி நிறுத்த நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவசியமென்றால் போனில் பேசுங்கள். என்ன உதவி செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுமை முழுவதையும் உங்கள் தலையில் கட்டவில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் மாலையில் கணிதமும் பைத்தானும் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். வகுப்பு முடிந்ததும் பூட்டிவிடும் அறைகளில் ஒன்றை ஏழு மணி வரை திறந்துவையுங்கள். விடுதிக்குத் திரும்பும் நேரத்தை அந்த நாட்களில் அரை மணி தள்ளிக்கொள்ள வார்டனிடம் சொல்லுங்கள். முதல் இன்டர்னல் முடிந்த மறுவாரமே ஆரம்பித்துவிடலாம்.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன்