அந்த வீடியோவை உனக்கு அனுப்பமாட்டேன்

திருகோணமலை,
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் வாட்ஸ்அப் வந்து மூன்று நாளாகிறது. பதில் போடவில்லை என்று கோபித்திருப்பாய். "உன்ர பிசியோ காட்டித் தந்த பயிற்சி வீடியோவை எனக்கும் அனுப்படா, என்ர கால் நோவுக்கு நானும் செய்யப்போறன்" என்று கேட்டிருந்தாய். அனுப்பமாட்டேன். ஏன் என்று போனில் தட்டிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் கனகாலத்துக்குப் பிறகு பேனையும் கொப்பியுமாகக் குந்தியிருக்கிறேன்.

முதலில் என் கதை. பென்சன் எடுத்த கையோடு பழைய ஆசை வந்துவிட்டது. மக்கெய்சர் மைதானத்தில் 1500 மீட்டர் ஓடினோமே, அந்த நினைப்புத்தான். வெள்ளன ஒழும்பி டச்சு விரிகுடாக் கரையில் வெறுங்காலோடு ஓடத் தொடங்கினேன். மணல் மெத்தை போல இருக்கும், காலுக்கு நல்லது என்று நினைத்தேன். இளகின மணலில் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கீழே புதையும், புதையப் புதையக் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கிற நாண் கூடுதலாக இழுபடும் என்பது பிறகுதான் விளங்கியது. இரண்டு மாதத்தில் வலக்காலில் அந்த நாண், அக்கிலீஸ் நாண் என்பார்கள், தடித்துவிட்டது. காலையில் கட்டிலால் இறங்கிக் குசினிக்குப் போகும் முதல் பத்து அடியும் நொண்டல். பிறகு கொஞ்சம் இளகும்.

ஒருத்தர் ஆறு கிழமை ஓய்வு என்றார். இருந்தேன். நோவும் போய்விட்டது. மறுபடி இரண்டு நாள் ஓடினேன், பழைய இடத்திலேயே வந்து நின்றது. இன்னொருத்தர் எண்ணெய் போட்டு உருவிவிட்டார். உருவும்போது சுகம், அவ்வளவுதான். கடைசியில் ஒரு பிசியோவிடம் போனேன். எங்கட மகள்மாரின் வயசுப் பிள்ளை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தது. "ஐயா, நாணை ஓய்வில வச்சா நோ குறையும், ஆனா நாண் பலப்படாது. அதுக்குச் சுமை வேணும்."

பயிற்சி இதுதான். படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, நல்ல காலால் எம்பி, பாரத்தை நோகிற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். ஏறுவது நல்ல காலால், இறங்குவது நோகிற காலால். முழங்கால் நிமிர்ந்தபடி 15 தரம் வீதம் மூன்று சுற்று, முழங்காலை மடித்து இன்னும் மூன்று சுற்று. காலை, மாலை இரு நேரமும். கூட்டிப் பார், நாளுக்கு 180. இப்படிப் 12 கிழமை. நோகாமல் செய்ய வந்துவிட்டால் முதுகுப் பையில் பாரம் ஏற்ற வேண்டும். நான் 5 கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பொடியன் "மாமா எங்க பயணம்?" என்று கேட்டான்.

இதைக் கண்டுபிடித்தவரின் கதை உனக்குப் பிடிக்கும். அல்பிரெட்சன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு வைத்தியர். அவருக்கே இந்த நோய். சத்திரசிகிச்சை செய்யக் கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நாண் அறுந்தாலாவது வெட்டுவார்கள் என்று அவர் வேண்டுமென்றே நோகிற காலில் பாரத்தை ஏற்றத் தொடங்கினார். அறுவதற்குப் பதிலாகக் கால் சுகமாகிவிட்டது! பிறகு 15 ஓட்டக்காரருக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1998 இல் எழுதினார். எல்லாரும் திரும்ப ஓடினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் இத்தனை தரம் கட்டாயமில்லை, பாரத்தைக் கூட்டி மெதுவாக எம்பி இறங்கினாலும் அதே பலன் என்று காட்டியிருக்கிறார்கள். எனக்கு முதலாவது வழிதான் வாய்த்தது.

இதில் ஒரு விசயத்தைக் கவனி. செய்யும்போது நோகலாம். பத்துக்கு ஐந்து வரை நோ பரவாயில்லை, அடுத்த நாள் விடிய முன்னரை விடக் கூடியிருக்கக் கூடாது என்பதுதான் எனக்குத் தந்த அளவுகோல். இந்த ஒரு வரிக்காகவே வீடியோவை உனக்கு அனுப்பப் பயப்படுகிறேன். உன் காலில் அந்தக் கணக்குச் சரிவராது.

அதை நான் விளங்கிக்கொண்டது உன் மச்சாளால், அதுதான் என் மனுசியால். அவள் முப்பது வருசமாகத் தையல் மெசினோடு. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, நித்திரையால் எழும்பிக் கையை உதறிக்கொண்டிருப்பாள். சின்ன விரலுக்கு ஒன்றுமில்லை. பிசியோ அதைக் கேட்ட உடனேயே மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று சொல்லிவிட்டது. மணிக்கட்டில் ஒரு ஒடுக்கமான சுரங்கம் இருக்காம். ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் அதுக்குள்ளால்தான் போக வேண்டும். நிலாவெளி பஸ்ஸில் சனிக்கிழமை நெரிசலை நினைத்துக்கொள். மணிக்கட்டு மடிந்தால் உள்ளே அமுக்கம் இன்னும் கூடும். நித்திரையில் நாங்கள் எல்லாரும் கையை மடித்துத்தானே படுக்கிறோம்.

அவளுக்கு 180 தரம் ஒன்றும் கொடுக்கவில்லை. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்க ஒரு பட்டி. பகலில் நரம்பை வழுக்கி ஓடவைக்கிற பயிற்சி. கையை மூடி, விரலை நிமிர்த்தி, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, பெருவிரலை விரித்து, மெல்ல மெல்ல. ஐந்தாறு தரம்தான். நொந்தால் நிற்பாட்டு. நரம்பை இழுத்துப் பிடித்தால் அதுக்கு இரத்த ஓட்டம் குறைந்துவிடுமாம். நாண் இழுவையைத் தாங்கிப் பலப்படும், நரம்புக்கு அசைய இடம் கொடுத்தால் போதும். கரைவலைக் கயிறு போல. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் விட்டுக்கொடுத்தால் கயிறு ஓடும். இரண்டு பக்கமும் இழுத்தால் விறைத்து நிற்கும்.

இனி உன் காலுக்கு வருகிறேன். நாரியில் தொடங்கிக் குண்டியால் இறங்கிக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல ஓடுகிறது என்கிறாய். தொடையின் பின்பக்கம் "இறுக்கம்" என்று நினைத்து, காலை மதிலில் தூக்கிப் போட்டு நாளுக்கு இருபது நிமிசம் இழுக்கிறாய். படமும் அனுப்பியிருந்தாய், உன் மனுசி பின்னால் நின்று சிரிக்கிறா. மச்சான், அது தசை இறுக்கம்தானா என்று முதலில் பார். கதிரையில் கூனி உட்கார்ந்து முழங்காலை மெதுவாக நிமிர்த்து. பின்தொடை இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிற்பாட்டி, நாடியை நெஞ்சுப் பக்கம் இறக்கி, பிறகு தலையை மேலே தூக்கு. தலையை இறக்கும்போது இழுவை கூடி, தூக்கும்போது குறைந்தால் நரம்பில்தான் சந்தேகம். தொடைத் தசை தலையில் வந்து முடியவில்லையே!

அப்படியானால் மதிலை விடு. அதே கதிரையில், முழங்காலை நிமிர்த்தும்போது தலையையும் மேலே தூக்கு, மடிக்கும்போது நாடியை இறக்கு. ஒரு முனை இழுபடும்போது மறுமுனை விட்டுக்கொடுக்கும். பத்துத் தரத்துக்கு மேல் வேண்டாம், மின்சாரம் வரமுன்பே நில்.

நோ எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொண்டிரு. 1956 இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் மக்கென்சி என்ற பிசியோவிடம் உன்னைப் போலக் கால் இழுக்கிற ஒருத்தர் போயிருக்கிறார். குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு முன்னால் வந்த ஆளுக்காகக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்தது அப்படியே இருந்திருக்கிறது. மனுசன் அதிலேயே நாரி பின்னால் வளையப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மக்கென்சி வந்து பார்த்தால் கால் நோ போய்விட்டதாம். கால் நோ மேலேறி நாரிக்குச் சுருங்குவது நல்ல குறி, நாரி கொஞ்சம் கூடுதலாக நொந்தாலும் பரவாயில்லை என்ற கணக்கு அப்படி வந்தது. கீழே இறங்கி விரலுக்குப் போனால் செய்வதை விட்டுவிடு. எல்லாருக்கும் பின்னால் வளைவது ஒத்துவராது, அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வவுனியாவில் யாரையாவது பிடி. என்னை வைத்தியர் ஆக்காதே.

இருகால் நடுவில் விறைத்தாலோ, சலம் போகக் கஷ்டப்பட்டாலோ, பாதம் தொங்கினாலோ பயிற்சி, பிசியோ ஒன்றும் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. இதை உன் மனுசிக்கும் வாசித்துக் காட்டு.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் சரிவரும் என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தாய். வா, ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளிக்கலாம், உடம்புக்கு இதம். நரம்பு நெரிபட்டது அதுக்காக விடுபடாது.

நான் இப்போது மணலை விட்டு உட்துறைமுக வீதியில் தார் றோட்டில் ஓடுகிறேன், சப்பாத்தோடு. அடியைக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னது அந்தப் பிள்ளை. நிமிசத்துக்கு 156 ஆக இருந்தது இப்போது 166. முழங்காலுக்குப் பாரம் குறைகிறது. முந்தநாள் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் ஏற்றம் வரை போய்விட்டேன். மான் ஒன்று என்னை விட வேகமாகக் குறுக்கே போனது.

வரும்போது பஸ்ஸில் பின் சீற் வேண்டாம். ஹொரவப்பொத்தானையில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினால் இறங்கிக் கொஞ்சம் நட. மதிலில் கால் போட்ட அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடு, மச்சாள் அதை எல்லாருக்கும் காட்டித் திரிகிறாள்.

உன்
பழைய 1500 மீட்டர்க் கூட்டாளி